கொடியேற்றத்தில் வாயில் வந்தது

15 ஆகஸ்ட் 1998, சனி

காலையில் எங்கள் கூடுவாஞ்சேரி நகரில் கொடியேற்றினார்கள். நல்ல குரல் என்று என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். வாயைத் திறந்தேன். வந்தது இலங்கையின் தேசிய கீதம். ஒரே ஓர் அடிதான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வயதுவரை தினமும் பாடியது. சட்டென்று இருமி, சரியானதைத் தொடங்கிவிட்டேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மிட்டாய் நீட்டும்போது கேட்டார்: "முதல்ல இன்னாம்மா பாடுன? எந்தூரு பாட்டு அது?"

"சாமி பாட்டு சார். பழக்கதோஷம்."

சிரித்துக்கொண்டே நகர்ந்தார். நம்பினாரா, தெரியவில்லை. இங்கே எல்லோருக்கும் நான் திருக்கழுக்குன்றத்துக்காரி. அது என் கணவர் ஊர். தொண்ணூற்றொன்றில் நடந்த அந்தக் கொலைக்குப் பிறகு, ஊர் சந்தேகப்படும் என்று பயந்து, சிலோன் என்ற சொல்லையே இவர் வீட்டில் எடுக்கவிடுவதில்லை.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, நீங்கள் இந்தியாக்காரர்கள் என்று சொல்லித்தான் எங்களைக் கப்பலேற்றினார்கள். அதற்குமுன் இந்தியாவை நான் வரைபடத்தில்தான் பார்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "இனிமே மைக் பக்கம் போவாத" என்றார். மகள்தான் விடவில்லை.

"அந்தச் சாமி பாட்ட எனக்கும் சொல்லிக் குடும்மா."

"மறந்துபோச்சுடி."

பொய் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். படுத்தபிறகு மனசுக்குள் பாடிப் பார்த்தேன். மூன்றாவது அடிக்கு மேல் நகரவில்லை. எழுந்து வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் கூப்பிடாமலே வந்தது. இப்போது கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறது.