தைலமரம் வெட்டிய இரண்டு ஏக்கர்

மார்ச் 1, ஞாயிறு

காலையிலேயே வெயில். செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்து கிளம்பி, கீசரா தாண்டி நிலத்துக்குப் போய்ச் சேர ஒன்பதரை. பதிவு முடிந்தபின் மூன்று பேரும் ஒன்றாகப் போனது இன்றுதான். பழைய சொந்தக்காரர் தைலமரத்தை எல்லாம் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார். எங்களுக்கு மிச்சம்: அடிக்கட்டை, பட்டை, காய்ந்த கிளை. ஒவ்வொரு கட்டையிலும் கொத்தாகத் துளிர்.

ஷாரன் காரை விட்டு இறங்கவில்லை. "டாடி, ஃபுல் கிரேவ்யார்ட்லா உந்தி." கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கிறதாம். தெலுங்கில் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வராது என்று மகளுக்கு நினைப்பு. அவள் அம்மா ஜெபா சிரித்துவிட்டாள்.

செய்ய வேண்டியது:
– கட்டை பிடுங்க ஆள்
– ஒன்றரை ஏக்கர் புல். இரண்டு பசு (ஜெ. மூன்று என்கிறாள்)
– வடகிழக்கில், பாறை ஓரம், வீடு. மழைக்கு முன் அஸ்திவாரம்
– வேலி
– போர் போட ஆள் விசாரிக்க

வேலை போய் நான்கு மாதம். கேட்பவர்களிடம் நானே விட்டுவிட்டதாகச் சொல்கிறேன்.

மார்ச் 7, சனி

மெட்டுகுடா அந்தோணி ஜே.சி.பி.யோடு வந்தார். தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத். நான் திருநெல்வேலி என்றதும், "ஹவ் சார், ஆமா, நம்ம சர்ச்ல பாதி திருநெல்வேலிதான்" என்றார்.

சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. பிடுங்கிப் போட்ட கட்டைகள் விரல் விரித்த கை மாதிரி கிடக்கின்றன. பாறை ஓரம் முப்பது கட்டை மட்டும் அசையவில்லை. வேர் பாறை இடுக்கில் போயிருக்கிறது. வீடு வர வேண்டிய இடம் அதுதான்.

"கொளுத்திடலாமா?" என்றேன்.

"நெருப்பு நக்கோ சார், வேண்டாம். வேர்ல புடிச்சா மேல தெரியாது, உள்ளுக்குள்ளயே போய்கிட்டிருக்கும். துளிர வெட்டிகிட்டே இருங்க. ரெண்டு மூணு வருசத்துல மக்கிடும்."

மூன்று வருடமா!

மத்தியானம் ஒரு அம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு நிலத்தின் குறுக்கே ஏரிப்பக்கம் போனார். பெயர் எல்லம்மா. அறுபது வயது இருக்கும். பதினொரு ஆடு. பாறை ஓரம்தான் அவருடைய வழி. வேலி போட்டால் எப்படிப் போவார் என்று ஜெ. கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 11, புதன்

தனியாகப் போனேன். காற்று இல்லை. அந்த முப்பது கட்டை மேலும் கிளையும் பட்டையும் குவித்துக் கொளுத்தினேன். ஊரெல்லாம் சளி மருந்து வாசனை. மூன்று மணிக்குத் தீ அடங்கியது.

டேங்கர் தண்ணீர் பாதிக் கட்டைகளுக்குத்தான் வந்தது. அடுத்த லோடு வர ஆறு மணி ஆகும் என்றான் டேங்கர்க்காரன். மிச்சக் கட்டைகள் வெறும் வெள்ளைச் சாம்பல். மேலே கையை நீட்டிப் பார்த்தேன், சூடு இல்லை. வந்துவிட்டேன்.

சாப்பிடும்போது ஜெ. கேட்டாள். "எல்லாத்துக்கும் தண்ணி ஊத்துனீயளா?"

"ஊத்தியாச்சு."

மார்ச் 14, சனி

நடந்தது நடந்தபடி.

பத்தரை மணி. நானும் ஜெ.யும் வேலிக்கு அளந்துகொண்டிருந்தோம். எல்லம்மா ஆடுகளுக்குப் பின்னால் வந்தார். ஒரு குட்டி பாறைப்பக்கம் விலகியது. அதைத் திருப்பப் போனவர் சாம்பலில் கால் வைத்தார். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. முதலில் சத்தமே இல்லை. பிறகு கேட்ட சத்தத்தை எழுத முடியாது.

இழுத்துப் போட்டேன். செருப்பு உள்ளேயே. குழிக்குள் வேர் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. மூன்று நாள் கழித்தும்.

குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர் முழுவதையும் ஜெ. அந்தக் காலில் ஊற்றினாள். கார். ஆஸ்பத்திரி. பாதம் முதல் கெண்டைக்கால் வரை தோல் போய்விட்டது. ஒன்றரை மாதம் நடக்கக் கூடாது.

மகன் நரசிம்மா வந்து அம்மாவைத்தான் திட்டினான். கண் தெரியாத வயதில் என்ன ஆடு என்று. எல்லம்மா, "நேனே சூஸ்கோலேது" என்றார். நான்தான் பார்க்கவில்லை என்கிறார். பக்கத்தில்தான் நின்றேன்.

காரில் ஜெ.: "தண்ணி ஊத்துன எடத்துல எப்படிங்க தீ இருக்கும்?"

"வேர்ல போயிருக்கும்."

அதுவும் உண்மைதான்.

மார்ச் 17, செவ்வாய்

அந்தோணி வந்து முப்பது இடத்தையும் தோண்டினார். டேங்கர் மூன்று லோடு. பதினான்கு குழியில் இன்னும் கனல். பதினாறு ஈரம். எண்ணிப் பார்த்திருப்பார்.

போகும்போது சொன்னார். "அந்த அம்மா ஆட்டையெல்லாம் விக்கப் போறாங்க சார். கண்ணு போச்சு, இனி வெளிய அனுப்ப மாட்டேன்னு பையன் சொல்லிட்டான். நாளைக்கு வியாபாரி வர்றான். அந்த அம்மா அழுவுது."

வீட்டுக்கு வந்து தோசை இரண்டு. ஷாரனுக்கு நாளை கணக்குப் பரீட்சை. ஜெ. துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாதிக்குத்தான் ஊற்றினேன் என்று சொன்னேன்.

கடைசித் துணியையும் மடித்து வைத்தாள்.

"என்கிட்ட சொல்லி என்னத்துக்கு? அங்க போயி சொல்லுங்க."

மார்ச் 18, புதன்

கீசரா பாதையில் லாரி மறித்து அரை மணி நேரம் வீண். எட்டே முக்காலுக்குத்தான் எல்லம்மா வீடு. வியாபாரி ஆறு ஆடுகளை வண்டியில் ஏற்றியிருந்தான்.

கட்டிலில் எல்லம்மா, கால் தலையணை மேல். நரசிம்மா ஏழாவது ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் தெலுங்கு ஆபீஸ் தெலுங்கு. அதிலேயே சொன்னேன். நெருப்பு வைத்தது நான். பாதிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றியதாகப் பொய் சொன்னேன். மேலே வெறும் சாம்பல்தான் தெரியும், யார் வந்திருந்தாலும் விழுந்திருப்பார்கள். அவர் கண்ணில் தப்பில்லை.

நரசிம்மா என் சட்டையைப் பிடித்தான். ஒரு பொத்தான் போயிற்று. அடிக்கவில்லை. வியாபாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மகனிடம் சொன்னார். "வின்னாவா? நா கள்ளு பாகானே உன்னாயி." கேட்டாயா, என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏழாவது ஆட்டை நரசிம்மா விட்டுவிட்டான். ஏற்றிய ஆறும் போனது போனதுதான், பேச்சு முடிந்துவிட்டது என்றான் வியாபாரி. மிச்சம் ஐந்து.

ஏப்ரல் 22, புதன்

வெயில் தாங்கவில்லை. கட்டு மாற்ற எல்லம்மாவைக் கூட்டிப்போனது இது ஆறாவது தடவை. பின் சீட்டில் உட்காருவார். பேச்சு கிடையாது. இன்று மட்டும், "ஏ.சி. வேண்டாம்" என்றார்.

அவர் கால் ஆறும் வரை ஐந்து ஆட்டையும் மேய்ப்பது நரசிம்மாவின் மனைவி. ஏரிக்கு ரோட்டைச் சுற்றித்தான் போகிறாளாம்.

ஜெ. வரைபடத்தை மாற்றிவிட்டாள். வீடு தெற்கு ஓரத்துக்கு. பாறை ஓரம் எட்டு அடி வழி, ஏரி வரைக்கும். அரை ஏக்கர் புல் குறையும். நான் மறுக்கவில்லை. பசு இரண்டுதான்.

ஜூன் 14, ஞாயிறு

முதல் நல்ல மழை. பிடுங்கிய குழிகளில் எல்லாம் தண்ணீர். இரண்டு முறை உழுது, எரு பரப்பியாயிற்று. கொழுக்கட்டைப்புல் விதையை மணலோடு கலந்து தூவினோம். ஷாரனும் வந்தாள். செருப்பில் ஒரு கிலோ செம்மண், "எவ்வ்வ்" என்று முழு நேரமும்.

பாறை ஓரக் கட்டைகளில் எரியாமல் தப்பிய வேர் துளிர்த்திருக்கிறது. அரிவாளால் வெட்டினேன். கை கொப்புளம்.

அஸ்திவாரக் கல் இறங்கியது. ஜெ. மூலையில் நின்று ஜெபம் செய்தாள். நானும் கண்ணை மூடினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

தூறல். புல் முழங்காலுக்குக் கீழே வரை, தெற்குப் பக்கம் திட்டுத்திட்டாகச் சொட்டை. அங்கே மறுபடி விதைக்க வேண்டும். வேலிக் கம்பம் முடிந்தது. வழிக்கு இரண்டு முனையிலும் எட்டு அடி திறந்தே இருக்கிறது.

பதினொரு மணிக்கு ரோட்டில் எல்லம்மா. மார்ச்சுக்குப் பிறகு ஆட்டோடு பார்ப்பது முதல் தடவை. கையில் குச்சி, வலது கால் கொஞ்சம் இழுக்கிறது. நான் எழுந்து நின்றேன். ஐந்து ஆடும் பழக்கத்தில் திறப்புக்குள் நுழைந்து புல்லில் வாய் வைத்தன.

அவர் ரோட்டிலேயே நின்று நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். ஐந்தும் திரும்பின. என் பக்கம் பார்த்தார், கொஞ்ச நேரம். பிறகு ரோட்டைச் சுற்றிக்கொண்டே ஏரிக்குப் போனார்.

"யாரும் வர்றதில்லையே சார். வழிய அடைச்சிடலாமா?" என்றார் அந்தோணி.

வேண்டாம் என்றேன்.