அந்தக் கல் ஜாடியைக் குடைந்தவன்

மச்சான்,

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து தரைக்கல் வெட்டுகிறார்கள். குளியலறையைப் புதுப்பிக்கிறார்களாம். சூடேறிய கல்லின் வாசம் வேலியைத் தாண்டி வந்ததும் யன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுக் குசினியில் வந்து நின்றேன். இந்தச் செவன் ஹில்ஸ் புறநகரில் இந்த வெயிலுக்கு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய், பிறகு இருமியிருப்பாய்.

படகில் அகதியாய் வந்து இறங்கிய உனக்கு முதலில் கிடைத்தது, குசினிகளில் சமையல் மேடை போடச் செயற்கைக் கல் வெட்டும் வேலை. தூசி அடங்கத் தண்ணீர் விட வேண்டும், விடாமலே வெட்டச் சொன்னார்கள். தந்தது ஒரு துணி முகமூடி. வேலை முடிந்து வரும்போது கண்ணிமைகூட வெள்ளையாக இருக்கும். "மா அரைக்கிற மில்லில நிக்கிறன் எண்டு நினைக்கப்போறாங்கள்" என்று நீயே பகிடி விடுவாய்.

இருமல் நிற்காமல் நெஞ்சை ஸ்கேன் எடுத்த அன்று டொக்டரைப் பார்க்க நேரம் கிடந்தது. வெளியே மழை. பக்கத்திலிருந்த அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். எகிப்துப் பகுதியில், குரங்குத் தலை மூடி போட்ட ஒரு கல் ஜாடி முன்னால் நீ நின்றுவிட்டாய். குறிப்பை நான் வாசித்துச் சொன்னேன். இறந்த பெரிய மனிதரின் நுரையீரலை எடுத்துப் பதப்படுத்தி அதற்குள் வைப்பார்களாம். மறுமையில் தேவைப்படுமாம். அந்தக் கல்லை மணல் போட்டுக் கடைந்து கடைந்து குடைந்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஜாடியின் விளிம்பைத் தடவுவதுபோலப் பெருவிரலைக் காற்றில் ஓட்டினாய். வெட்டிய கல்லில் பிசிறு இருக்கிறதா என்று நீ அப்படித்தான் பார்ப்பாய். பக்கத்தில் சிவப்பு மண்பானைகள் இருந்தன. அதில் ஒன்றைக் காட்டிச் சொன்னாய்:

"இதைச் செய்தவன் தப்பியிருப்பான் மச்சான். ஈர மண்ணிலயெல்லே வேலை. தூசி இல்லை."

பிறகு கல் ஜாடியைக் காட்டிக் கேட்டாய்: "இதைக் குடைஞ்சவன்ர நுரையீரலை எதுக்குள்ள வைச்சிருப்பாங்கள்?"

"வா, டொக்டர் கூப்பிடப்போறார்" என்றேன்.

டொக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். உன் நுரையீரல் முழுக்கக் கல் தூசி படிந்து இறுகிக் கிடந்தது. திரும்பும் ரயிலை விட்டுப் பிளாக்டவுனில் இறங்கும்போது சொன்னாய்: "அவங்கள் நுரையீரலைக் கல்லுக்குள்ள வைச்சாங்கள். எனக்கு மாறி வைச்சிட்டாங்கள்."

அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை. சாம்பலைக் கடலில் கரைத்தபோது உன் அம்மா ஊரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தா. "தம்பி, பிள்ளைக்கு அப்பிடி என்ன வருத்தம் வந்தது?" என்று கேட்டா. கல்லைப் பற்றிச் சொல்லாமல், மூச்சு நோய் என்றேன்.

நீ போன பிறகு, அந்தச் செயற்கைக் கல்லை இப்போது நாடு முழுவதும் தடைசெய்துவிட்டார்கள். செய்தியைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏற்கனவே வீடுகளில் இருப்பவை இருக்கலாமாம். எங்கள் குசினி மேடையும் இருக்கிறது, நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நீ உன் கையால் வெட்டிப் பொருத்தியது. பார்க்கப் பார்க்க மனம் பொறுக்கவில்லை, மாற்றிவிடுவோம் என்கிறாள் மனைவி. மாற்றுவதென்றால் இன்னொருவன் வந்து அதை வெட்ட வேண்டும்.

ஜாடியைக் குடைந்தவனைப் பற்றி நீ கேட்டது இன்னும் காதில் கிடக்கிறது. மேடையின் விளிம்பில் பெருவிரலை ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு பிசிறுகூட இல்லை, மச்சான்.