முள் காட்டும் நலம்

ஞாயிறு மாலை

அன்புள்ள வானிலை அதிகாரி அம்மாளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நம் விஷயத்தில் அது தலைகீழாகிவிட்டது. அந்தத் தீவிலிருந்து நீ பேசுவது ஞாயிறுதோறும் நம் ஹாம் ரேடியோவில் கேட்பதால் உன் நலம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. என் நலம்தான் உனக்குக் கேட்கமாட்டேன் என்கிறது. அதனால் மைக்கை வைத்துவிட்டுப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இன்றும் ஐந்து மணிக்கு முன்னாலேயே சமையலறைக்குப் பக்கத்து அறையில் ரேடியோ முன் உட்கார்ந்துவிட்டேன். நீ வந்தாய். இரைச்சலுக்கு அடியில் எங்கோ இருந்தாய், ஆனால் நீதான். "கேக்குதா, கேக்குதா, பேசுங்க" என்றாய். கேட்கிறது என்று கத்தினேன். மறுபடியும் கேக்குதா என்றாய். கடைசியில், "சரி, இன்னிக்கும் இல்ல போல. மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா, ஒண்ணும் தெரியல. எழுபத்துமூணு" என்று விடை சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாய். பதிலே வராத ஆளிடம் சாப்பாடு விசாரிக்க உன்னால்தான் முடியும். மாத்திரை போட்டுவிட்டேன். சாப்பாடு ஆறிக் கிடக்கிறது.

நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டம்மா படியேறி வந்துவிட்டார். யாரோடு சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டார். மனைவியோடுதான் என்றேன். அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்கதான் ஊர்ல இல்லையே" என்றார். இல்லாவிட்டாலும் விடுவதாயில்லை என்று சொல்லி அனுப்பினேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். கதவைச் சாத்தியபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். மொட்டைமாடியில் ஒழுகல் அடைக்க ஆள் வருகிறது, உங்கள் ஆன்டெனாக் கம்பத்தைக் கழற்றுங்கள் என்று கீழ் வீட்டம்மாதான் சொன்னார். கழற்றினேன். வேலை முடிந்ததும் நானே திரும்ப ஏற்றினேன். உனக்கு நம்பிக்கை வராது, ஆனாலும் கேள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு முனை, படிக்கட்டு அறைப் பக்கம் ஒரு முனை, ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கிற மாதிரி ஒயர். நடுக்கம்பத்திலிருந்து கேபிள் இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. இணைக்கிற இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றியிருக்கிறேன். அந்த இடத்துக்குக் கீழே நீ கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு வைத்திருந்தாயே, அது எதற்கென்று எனக்குப் பிடிபடவில்லை. பார்க்க அசிங்கமாக இருந்தது, விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டேன். தெருவில் நின்று பார்த்தால் நீ கட்டியதைவிட லட்சணமாக இருக்கிறது.

மீட்டரும் அதைத்தான் சொல்கிறது. அனுப்புகிற சக்தியில் எவ்வளவு மேலே போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டுமே, அந்த முள், ஏற்றிய அன்று கொஞ்சம் எழுந்து நின்றது. ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தபிறகு பார்த்தால் அப்படியே படுத்துவிட்டது. உன் ராஜ்யத்தில்கூட அது இவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை. திரும்பி வருவது ஒன்றுமேயில்லை, அத்தனையும் உனக்குத்தான் வருகிறது என்று அர்த்தம். அப்புறம் ஏன் கேட்கவில்லை? கோளாறு உன் பக்கம்தான் என்று துணிந்து முடிவு செய்திருக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்லியிருக்கமாட்டேன், கடிதத்தில் தைரியம் வருகிறது.

ரேடியோவில் கூடிப் பேசும் நம் ஞாயிறு கோஷ்டியில் அந்த ரிட்டயர்டு வங்கிக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்கிறார். நான் கண்ணாடிக் கடைக்காரன், காதுக்கு என்னால் ஒன்றும் செய்யமுடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் பேசுவது உனக்குக் கேட்கிறது, உன் பேச்சு அவருக்குக் கேட்கிறது. அதனால் போன வாரம் அவரே நடுவில் புகுந்து தூது போகப் பார்த்தார். "மேடம் கேக்கறாங்க, இன்னொரு வருஷம் இருக்கட்டுமா, வந்துடட்டுமான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றார். கோஷ்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதை வங்கிக்காரர் கையில் கொடுத்தனுப்ப முடியுமா? கல்யாணமான புதிதில் நீ விடைபெறும்போது எழுபத்துமூன்றுக்குப் பதில் எண்பத்தெட்டு என்று வாய்தவறிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ரேடியோ பாஷையில் எழுபத்துமூன்று வாழ்த்து, எண்பத்தெட்டு முத்தம். அதற்கே கோஷ்டி என்னைப் பல வாரம் ஓட்டித் தள்ளியது. அதிலிருந்து நாமும் எல்லாரையும் போல எழுபத்துமூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்தக் கேள்விதான் அன்றிலிருந்து என்னோடு சாப்பிட்டு என்னோடு தூங்குகிறது. தீவில் உன் ஒரு வருட வேலை முடியப்போகிறது, இன்னொரு வருடம் இருக்கச் சொல்லித் தலைமை அலுவலகம் கேட்கிறது என்று நாம் கடைசியாக நன்றாகப் பேசிய அன்று சொன்னாய். "நீங்க யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க" என்றாய். அதற்குள் ஒழுகல்காரர் வந்துவிட்டார். உன் வானிலை நிலையத்தில் இருக்கிற போன் அலுவலகக் காரியத்துக்கு மட்டும் என்று நீ அதைத் தொடவும் மாட்டாய். உன் நேர்மையில் எனக்குப் பெருமைதான், ஞாயிற்றுக்கிழமை தவிர.

சாமான் படகு அடுத்த ஞாயிற்றுக்கு மறுநாள் இங்கிருந்து கிளம்புகிறது. அது உன் தீவுக்கு வந்து திரும்புகிறபோது ஒன்று தலைமை அலுவலகத்துக்கு உன் பதில் அதில் வர வேண்டும், இல்லை நீ வர வேண்டும். அதற்குள் ஒரு ஞாயிறு மிச்சம் இருக்கிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை

கடைக்கு இன்று விடுமுறை. காலையில் பெரிய காற்று. அடங்கியபிறகு மனசு கேட்காமல் ரேடியோவைப் போட்டேன். முள் வழக்கம்போல் படுத்திருந்தது. சமத்து என்று அதைப் பாராட்டிவிட்டு, யாராவது இருக்கிறீர்களா என்று கொஞ்சநேரம் கூப்பிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காயப்போட்ட சட்டை பறந்துவிட்டதா பார்க்கலாம் என்று மாடிக்குப் போனேன்.

சட்டை இருந்தது. கேபிள்தான் இல்லை. அதாவது, இருந்தது, ஆனால் ஆன்டெனாவோடு இல்லை. விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தேன் அல்லவா, காற்றில் கம்பம் ஆடிய ஆட்டத்தில் பிடுங்கிக்கொண்டு வந்து, சுவரோரமாக வெறும் முனையோடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் கீழே ஓடி வந்து மறுபடியும் பார்த்தேன். மேலே ஒன்றுமே இல்லை, முள்ளோ எல்லாம் நலம் என்கிறது. அதற்குமேல் அந்த முள்ளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, ரேடியோவை அணைத்துவிட்டேன்.

கேபிள் முனையை வெட்டினேன். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. கடையில் வைத்திருக்கும் லென்ஸை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். செம்பு வலையெல்லாம் கறுத்து, பச்சை பூத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. வங்கிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "சார், கேபிள் தண்ணி குடிச்சா நீங்க அனுப்பறதையெல்லாம் அதுவே முழுங்கிடும். மேலயும் போகாது, திரும்பியும் வராது. திரும்பி வர்றதுக்கு ஒண்ணும் இல்லாததாலதான் முள் படுத்துடுச்சு. மழைக்கப்புறம் முள் நல்லா ஆச்சுன்னா சந்தோஷப்படக்கூடாது சார், சந்தேகப்படணும்" என்றார். அவர் காதைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அந்த வளையம் எதற்கென்றும் அவரே சொன்னார். கேபிள் வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் வந்து சொட்டிப் போய்விடுமாம், உள்ளே ஏறாதாம். இத்தனை வருடம் அது தலைக்கு மேலே தொங்கியிருக்கிறது, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

புதுக் கேபிள் வாங்கி வந்தேன். நுனியைச் சீவி, பற்றவைத்து, மூட்டில் இழுத்துச் சுற்றுகிற ரப்பர் டேப்பை முதலில் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப். தாராளமாக ஒரு வளையம் விட்டேன். காற்றில் அது ஆடுகிறது, ஆடட்டும். முள் இப்போது கொஞ்சம் எழுந்து நிற்கிறது. எனக்கு அதுவே தெம்பாக இருக்கிறது.

ஞாயிறு, நீ பேசிவிட்டுப் போனபிறகு

இன்றைக்குக் கேட்டுவிட்டது. "ஐயோ, கேக்குதுங்க, பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி கேக்குது" என்று நீ சொன்னதும் நான் மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். இருமல் என்று சொன்னேன். இருமல் இல்லை.

அப்புறம் என்ன பேசினோம்? நான் கேபிள் கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ அங்கத்துக் காற்றின் வேகத்தைச் சொன்னாய், நான் கீழ் வீட்டம்மாவின் ஒழுகலைச் சொன்னேன். உன் சிக்னல் எப்படி, என் சிக்னல் எப்படி என்று மாறி மாறிப் புகழ்ந்துகொண்டோம். வங்கிக்காரர் பொறுமை போய், "மேடம் கேள்வி அப்படியே நிக்குது சார்" என்றார். நீயும் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "உன் இஷ்டம்மா, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். நீ கொஞ்சம் தாமதித்தாய். இரைச்சலில் அது தாமதம்தானா என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. "சரிங்க, எழுபத்துமூணு" என்றாய். ஆயிரம் காது கேட்க நானும் எழுபத்துமூன்று என்றேன்.

ரேடியோவை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். புதுக் கேபிள், ரப்பர் டேப், வளையம், எல்லாம் சரி. என் வாயிலிருந்துதான் ஒன்றும் வெளியே போகவில்லை.

நீ போனதிலிருந்து யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லி வருகிறேன். மகள் போனில் கேட்டாலும் அதுதான், கீழ் வீட்டம்மா கேட்டாலும் அதுதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, முள் அப்படிப் படுத்திருக்கிறது. மேலே எதோடும் சேராமல் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்ததே அந்தக் கேபிள், வியாழக்கிழமை அதைப் பார்த்துவிட்டு வந்தபோது எனக்கு ஏன் அந்த முள்ளைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

நான் நன்றாக இல்லை. இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். ஒருவருக்கு அளவு தெரியாமல் இல்லை, ஒருவருக்கென்று அரிசி அளக்கக் கை வரமாட்டேன் என்கிறது. வாரநாட்களிலும் நம் அலைவரிசையில் ரேடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். வெறும் இரைச்சல்தான் வரும், நீ வரமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் நீ இருக்கிற பக்கத்திலிருந்து வருகிற இரைச்சல் என்று ஒரு எண்ணம். கடையில் யாருக்காவது புதுக்கண்ணாடி மாட்டி, தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்கும்போது உன் 'கேக்குதா' ஞாபகம் வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு அம்மாள், நல்லா தெரியுது, நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க என்று கேட்டுவிட்டார்.

உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தீவில் ஆசையாக இருக்கத் தோன்றினால் இரு. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளமாட்டேன், ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு உட்கார்ந்திருப்பேன். ஆனால், அவர்தான் நன்றாக இருக்கிறாரே, எதற்குப் போவது என்று நினைத்து மட்டும் இருந்துவிடாதே. என் முள்ளைப் பார்த்து முடிவு செய்யாதே. எனக்கு நீ வரவேண்டும்.

இந்தக் கடிதம் நாளைக் காலையில் சாமான் மூட்டைகளோடு படகில் ஏறுகிறது. உன் கைக்கு வரும்போது அந்தப் படகு உன் கண்ணுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருக்கும். சாமான் இறக்கி ஒருநாள் நிற்கும் என்று நீதான் சொன்னாய். வளையம் சரியாக விட்டிருக்கிறேனா என்று பார்க்க ஆள் வேண்டும். அதிலேயே ஏறி வந்துவிடம்மா.

இப்படிக்கு,
உன் கண்ணாடிக் கடைக்காரன்

எண்பத்தெட்டு.