திரிஷா வெறுங்கையோடு போன நாள்

அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் சௌக்கியம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ஜேசுராஜும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் லீவில் வந்துவிட்டு மஸ்கட் திரும்பும் ராக்கப்பன் மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் திரிஷாவின் பள்ளிக்கூடத்தில் நடந்ததை உன் மாமியார் சொல்லிக் கேட்டிருப்பாய், நான் சொல்லியும் கேள். உத்தமபாளையம் நர்சரியில், அவரவர் வீட்டு வழக்கத்தைக் காட்ட ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருள் கொண்டுவர வேண்டும் என்றார்கள். நம் தோட்டத்தில் முதல் திராட்சைக் குலையைப் பந்தல் கல்லடியில் வைத்துச் சூடம் காட்டுவோமே, அந்தக் குலையைக் கொடுத்துவிட நினைத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலமே போடியிலிருந்து உன் மாமியார் ஞானபாக்கியம் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தோடு வந்து இறங்கிவிட்டார். ரெண்டையும் கொண்டு போகட்டுமே அண்ணே, பிள்ளைக்கு ரெண்டும் வீடுதான என்றார். ஒரு பொருள் என்றால் ஒன்றுதான், வளர்க்கிற வீட்டுப் பொருள்தான் போகும் என்றேன். வளக்குறது நீங்க, பெத்தவன் எங்க பையன்ல என்று அவரும் விடவில்லை. உங்க ரெண்டு பேரையுந்தான் நர்சரியில சேக்கணும் போல இருக்கீக என்று உன் அம்மா திட்டினாள். கடைசியில், ஏ ஆத்தா நீயே சொல்லு, உனக்கு எது வேணும் என்று பிள்ளையிடமே கேட்டோம். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். காலையில் இரண்டையும் விட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டாள்.

அங்கே ஒரு பிள்ளை நோன்பு திறக்கிற பேரீச்சம்பழம் கொண்டுவந்ததாம், ஒரு மலையாளத்துப் பிள்ளை பாயசம் கொண்டுவந்ததாம். எங்க வீட்டுலயும் சாமி கும்பிட்டுத்தான் திம்போம் என்று ஆளுக்கு ஆள் சொல்லிப் பங்கு போட்டுத் தின்று ஒரே கூத்தாம். திரிஷா முறை வந்ததும், எங்க வீட்டுல ஒண்ணுமே கும்பிட மாட்டோம் டீச்சர் என்றாளாம். இதை டீச்சர்தான் என்னிடம் சொன்னார். நாலு வயசுப் பிள்ளை, இரண்டு பக்கமும் மனசு நோகாமல் இருக்கப் பொய் சொல்லியிருக்கிறாள்.

நான் பேசியது நியாயம் என்றுதான் இன்னமும் சொல்வேன், ஆனால் எது வேணும் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கக் கூடாது. இனி அவள் போடியிலேயே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை சொன்னாராம். கூட்டிப்போகட்டும், நான் மறிக்க மாட்டேன். இப்போதெல்லாம் அவள் சிரிப்பதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள் நதியா. நான் தலையாட்டின பிறகுதான் சிரிக்கிறாள்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். முதுகில் தட்டிக்கொடுத்தால்தான் பிள்ளை தூங்குவாள், இதை மறக்காமல் உன் மாமியாரிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் அதிகாரம் பண்ணுவதாக நினைப்பார்.

இப்படிக்கு
உன் அப்பா மொக்கைச்சாமி
காமயகவுண்டன்பட்டி