நிர்வாகிகள் பக்கத்தில் விடுபட்ட வரி

அண்ணாச்சி,

நேற்று என் மகன் வழுவழுப்பான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பிறர் நிலத்தை எடுத்து, பயிர் வைத்து, பராமரித்தும் தருகிற ஒரு கம்பெனியின் விளம்பரப் புத்தகம். சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் எங்களுக்கு இருக்கும் வயலை அவர்களிடம் விடலாமா என்று யோசிக்கிறான். முதல் பக்கம் முழுக்க நிர்வாகிகளின் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவர் படித்த படிப்பு, பார்த்த உத்தியோகம். புது அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. அதை முகர்ந்ததும் தென்காசி அச்சகத்தில் ஈரம் காயாத ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற மத்தியானம் நினைவுக்கு வந்தது. நீங்கள் காலமாகி இரண்டு வருடமாகிறது. உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டதை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள். சென்னைக்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போய்விட்டவர்களின் நிலங்கள் நம் பக்கம் தரிசாகக் கிடந்தன. அவற்றைப் பத்து வருட ஒப்பந்தத்தில் எடுத்து, கிணறு வெட்டி, ஆயில் எஞ்சின் வைத்து, எலுமிச்சை போட்டு, விளைச்சலில் பங்கு கொடுப்பது என்று நாம் நாலு பேர் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தோம். ஓய்வு பெற்ற தாசில்தார்தான் தலைவர். சட்ட வேலைக்குத் தென்காசி வக்கீல். பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த நான் கடிதப் போக்குவரத்துக்கு. தோட்டங்களுக்கெல்லாம் பொறுப்பு நீங்கள்.

நிலக்காரர்களுக்கு நம்மை யாரென்று தெரிய வேண்டாமா? அதற்காக நாலு பக்க நோட்டீஸ் ஒன்று அடிக்க முடிவானது. நிர்வாகிகளின் பின்னணியை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நீங்கள் அப்போதும் புளியங்குடிக்கு மேற்கே வேறொருவர் தோட்டத்தில் கூலிக்குக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தீர்கள். மேலே ஏறிவந்து, கையைத் துண்டில் துடைத்தபடி, நான் கேட்டதற்கு ஒரே மூச்சில் பதில் சொன்னீர்கள்.

"எழுதிக்கிடும்வே. அப்பா குத்தகைக்கு உழுதாரு. கெணறு வத்திப்போச்சு, நெலம் கைவிட்டுப் போச்சு. நான் பன்னெண்டு வருசம் ஊர் ஊராக் கெணறு வெட்டுனேன். சாரல் சமயத்துல கெணத்து வேலை கெடையாது. அப்பல்லாம் குத்தாலத்துல குளிக்க வாறவுகளுக்கு எண்ணெய் தேச்சேன். அவ்வளவுதான்."

அப்படியே எழுதினேன். வக்கீல் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"எண்ணெய் தேச்சவம்னு போட்டா எவம்வே நெலத்தக் குடுப்பான்? நீண்டகால வேளாண் அனுபவம் உள்ளவர்னு போடும். போதும்."

நான் மறுபேச்சுப் பேசவில்லை. பேசாததற்கு ஒரு காரணமும் இருந்தது. என் பெயருக்குக் கீழே 'இராணுவத்தில் பொறுப்பான பதவி வகித்தவர்' என்று நானே எழுதியிருந்தேன். உண்மையில் நான் பார்த்தது சரக்குக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை. அது வீட்டில் என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அச்சான நோட்டீஸை நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். உங்கள் பெயருக்குக் கீழே இருந்ததை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"யாரு வே இது? எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

கோபம் ஏதும் உங்கள் குரலில் இல்லை. அதனால்தான் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஆடியில் குற்றாலத்தில் ஒரு பங்களா எடுத்து, சீசனுக்கு வந்திருந்த நிலக்காரர்களைக் கூப்பிட்டோம். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். வெளியே சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் கடையநல்லூர்ப் பக்கத்துப் பெரிய மிராசுதார் உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வக்கீல் நோட்டீஸை உரக்கப் படித்து முடித்தார். மிராசுதார் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்ம எங்கயோ பாத்திருக்கேன்."

வக்கீல் அவசரமாக, "தோட்ட வேலையா இவுக பல ஊருக்கும் போறவுக..." என்று ஆரம்பித்தார்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். "பேரருவிகிட்ட பாத்திருப்பிய. மூணு சீசன் ஒங்களுக்கு நாந்தான் எண்ணெய் தேச்சேன். வலது தோள்ல ஒங்களுக்கு வலி உண்டு."

மிராசுதார் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அப்படிப் போடலியே?"

நான் எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி உள்ளதத்தான் சொன்னாக. எழுதுன நாந்தான் எடுத்துட்டேன். தப்பு என் மேல."

வக்கீல் சொல்லித்தான் எடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டார். "எண்ணெய் தேய்க்கவன் கையில நெலத்தக் குடுத்துட்டு நான் ஊருக்குள்ள நடமாட முடியுமா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே கிட்டத்தட்ட எல்லோரும் போனார்கள். கடைசி நாற்காலியில் செங்கோட்டைப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்தவர். அவருக்கு இருந்தது நாலு ஏக்கர் மேட்டு நிலம்.

"கேட்ட ஒடனே உள்ளதச் சொன்னாரு பாருங்க, அவரு பொறுப்புலன்னா நான் குடுக்கேன்" என்றார்.

மறுநாளே வக்கீல் கம்பெனியை விட்டு விலகிவிட்டார். நாலு ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தாசில்தார் தலையில் கை வைத்தார். "நாலு ஏக்கர நல்லாப் பாப்போம் ஐயா" என்றீர்கள் நீங்கள்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் தென்காசி பஸ்ஸுக்கு நாம் இரண்டு பேரும் நனைந்துகொண்டே நடந்தோம். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. என் பெயருக்குக் கீழே உள்ளதும் பொய் என்றேன். கிடங்கையும் மூட்டைகளையும் பற்றிச் சொன்னேன். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் நடையை நிறுத்தினீர்கள்.

"எத்தன வருசம் அடுக்குனீரு?"

"ஆறு."

"உருளைக்கெழங்கு, வெங்காயமெல்லாம் அடுக்கியிருக்கீரா? அழுகாம?"

"அதுதான் அண்ணாச்சி முழுநேர வேலை."

உங்கள் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "கொல்லத்துக்குப் போற லாரியில பாதி எலுமிச்ச வெந்து போகுதுன்னு புளியங்குடியில ஒவ்வொருத்தனும் அழுதுக்கிட்டிருக்கான். நீரு இத்தன நாளும் இங்கன உக்காந்து லெட்டர் எழுதிக்கிட்டிருக்கீரு. மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா?"

நான் அவமானமென்று பொத்தி வைத்திருந்ததை, தேடிக் கிடைத்த பொருளைப் போல நீங்கள் கையில் எடுத்துக்கொண்டீர்கள். டீச்சரம்மா தோட்டத்தில் நீங்கள் கிணறு வெட்டி, கன்று வைத்து, வருடக்கணக்காகக் காத்திருந்து காய் பறித்தபோது, லாரி ஏற்றுவதை முழுக்க என்னிடம் விட்டீர்கள். சாக்கை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பவிடவில்லை நான். வரிசைக்கு வரிசை மரச்சட்டம் கொடுத்துக் காற்றுக்கு வழி விட்டேன். அந்த முதல் லோடு கொல்லத்தில் இறங்கியபோது காய் பறித்த மாதிரியே இருந்தது என்று டிரைவர் வந்து சொன்னார். நாற்பது வயதை நெருங்கிய நான், செய்கிற வேலைக்காக முதல் தடவையாகத் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போனேன். அன்றைக்கே மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்குப் போயா இத்தன வருசம் மறைச்சிய?" என்று அவள் சிரித்தாள்.

பிறகு நிலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மிராசுதார் கடைசிவரை வரவில்லை. ஒருநாள் அவர் மகன் வந்து நின்றார். "அப்பாதான் அனுப்புனாக. அவுக வர மாட்டாக" என்றார். நீங்கள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "அப்பாவுக்குத் தோள் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நிலத்தைப் பார்க்க அவரோடு கிளம்பினீர்கள்.

தாசில்தாருக்குப் பிறகு தலைவர் நாற்காலி உங்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். நான் தயங்கியபோது, "ஒமக்குத் தெரிஞ்சத நீரு பாரும், தெரியாதத என்கிட்டக் கேளும். அதுல என்ன வெக்கம்?" என்றீர்கள். அந்த நாற்காலியில் நான் இருந்த வருடங்களில், மண்ணைப் பற்றி எந்த நிலக்காரர் கேட்டாலும், "எனக்குத் தெரியாது, அண்ணாச்சிகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்று கூசாமல் சொன்னேன். அப்படிச் சொன்னதால் யாரும் என்னை மதிக்காமல் போனதில்லை. அந்தத் தைரியம் நீங்கள் கொடுத்தது, அண்ணாச்சி. அதற்குத்தான் இந்த நன்றி.

இன்றைக்கும் வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். 'அண்ணாச்சிகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்' என்பதும் பழக்கத்தில் வாய்க்குள் வந்துவிடுகிறது. அதை மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறேன்.