திரும்பிப் போகிற காசு

இன்று காலை என் மேசையில் அந்த ஆஸ்பத்திரி விளம்பரக் கடதாசி மறுபடியும் வந்து கிடந்தது. பளபளவென்று இரண்டு படங்கள். முதல் படத்தில் பெரிய உடம்புக்காரி ஒருத்தி. இரண்டாவது படத்தில் அவளே மெலிந்துபோய், தன் பழைய காற்சட்டையின் ஒரு காலுக்குள் முழு உடம்பையும் விட்டு நின்று சிரிக்கிறாள். நீ முதன்முதல் இதைக் கந்தோருக்குக் கொண்டுவந்த நாளில், "இவள் சேலை உடுக்கிறவளா இருந்தா எப்பிடிக் காட்டியிருப்பாள்?" என்று கேட்டாய். நான் சிரித்த சிரிப்பில் பெரியவர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இந்த முறை கொண்டுவந்தவள் றிபாயா. உனக்கு அவளைத் தெரியாது. நீ போன பிறகு சிலாவத்துறையிலிருந்து மாற்றலாகி வந்தவள். உன் மேசையில்தான் இருக்கிறாள், கைபிடி இல்லாத உன் கதிரையில். "அக்கா, உங்கட சிநேகிதி ஒராள் இந்த ஒப்பரேசன் செய்தவ எண்டு சொன்னாங்க. நானும் செய்வமெண்டு இருக்கிறன். என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். மத்தியானம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பைல் தேடுகிறவள் போல அலுமாரிப் பக்கம் போய் நின்றேன்.

அந்தக் கதிரையின் கதையை அவளுக்குச் சொல்லவில்லை. முன்பு எங்கள் எல்லாருக்கும் கைபிடிக் கதிரைதான். ஒருநாள் நீ எழும்பினாய், கதிரையும் உன்னோடு சேர்ந்து எழும்பியது. சனம் நிறைந்த கந்தோர். நீ கொஞ்சமும் கலங்காமல், "பாருங்கோ, அரசாங்கம் என்னை விடுதில்லை" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு நீ முகம் கழுவப் போய் அரை மணித்தியாலம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. அன்றைக்குத்தான் நான் களஞ்சிய அறைக்குள் தேடி இந்தக் கதிரையை எடுத்துத் தூசி தட்டிப் போட்டேன். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை.

உன் துக்கம் கதிரை அல்ல, கோயில். பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்துக்கு எல்லாரும் முழந்தாளிட, நீ மட்டும் வாங்குப் பலகையில் இருப்பாய். முழங்கால் இரண்டும் மடங்காது. பின்னால் இருக்கிற யாரோ ஒரு மனிசி, "குந்தியிருந்து ஆண்டவரைக் கும்பிடுறா" என்று சொன்னது உன் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ தூணுக்குப் பின்னால் இடம் பிடிக்கத் தொடங்கினாய். "எனக்கு மெல்லிசா வர ஆசையில்லையடி. ஒருக்கா முழந்தாளில நிக்கோணும். அவ்வளவுதான்" என்று சொன்னாய்.

ஊருக்கு அது விளங்கவில்லை. வாயைக் கட்டினால் போதாதா என்றார்கள். உண்மையைச் சொன்னால், நானும் ஒருதரம் சொன்னவள்தான். இருபது வருடமாக உனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவள், நீ என்னைவிடக் குறையத் தின்னுகிறாய் என்று கண்ணால் கண்டவள், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ கோபிக்கவில்லை. மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் றோட்டை மறித்து நின்ற கழுதைகளைக் காட்டி, "இதுகளும் நாள் முழுக்கத் தின்னுதுகள். இதுகளை ஆரும் தராசில ஏறச் சொல்லுறாங்களா?" என்றாய்.

அந்த ஒப்பரேசனை அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்ய வரிசை நீளம் என்றார்கள், எத்தனை வருடம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சீனி வருத்தம் கூடிக்கொண்டு போனது. கடைசியில் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி என்று முடிவெடுத்தாய். உன் மனிசன் செத்த பிறகு தனியாய் நின்று மகளைப் படிப்பித்தவள் நீ. சீட்டுக் காசை எடுத்தாய், தாலிக்கொடியை வங்கியில் அடைவு வைத்தாய். "வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தானே இவ்வளவும் சேர்த்தனான். உடம்பு மட்டும் கேக்கேல்லை" என்று சிரித்தாய்.

துணைக்கு நான்தான் வந்தேன். டொக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துத் தைப்போம், தைத்த இடம் சிலருக்குக் கசியலாம், காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, இடது தோளில் நோவு இதில் எது வந்தாலும் உடனே திரும்பி வரவேண்டும் என்றார். தமிழ் தெரிந்த தாதி ஒரு பிள்ளை ஒவ்வொன்றாய் எங்களுக்குச் சொன்னாள். கடைசியில், "திரும்ப வந்து படுத்தா அது வேற பில் அன்ரி" என்றும் சொன்னாள். நீ ஓம் ஓம் என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாய். வெளியே வந்ததும், "நல்ல டொக்டர் என்ன?" என்றாய். எனக்கும் அதுதான் மனதில் நின்றது.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு வந்தபோது உன் முகத்தில் ஒரு பெண்பிள்ளைக் களை. முதல் இரண்டு கிழமையும் தெளிந்த தண்ணிச் சாப்பாடு மட்டும். மருந்து குடிக்கிற சின்னக் கோப்பையில் அளந்து, மிடறு மிடறாய்க் குடிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் நோயாளி பார்க்க யார்தான் வெறுங்கையோடு போவார்கள்? பத்தாம் நாள் பின்னேரம் நான் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டு வந்தேன். கூழ் எங்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. மீனையும் இறாலையும் பலாக்கொட்டையையும் எடுத்துவிட்டு, துணியில் வடித்தால் அது தண்ணிதானே என்று நினைத்தேன். வடித்த பிறகும் மனம் கேட்கவில்லை. நண்டுச் சதை கொஞ்சம் உதிர்த்துப் போட்டேன். உனக்கு நண்டென்றால் உயிர்.

நீ போர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாய். வெக்கையில் ஏன் போர்வை என்று கேட்டேன். "மெலிஞ்சா குளிருமாமடி" என்றாய். மூன்று சின்னக் கோப்பை கூழ் குடித்தாய். "உன்ர கைக்கு இன்னும் உறைப்புக் குறையேல்லை" என்றாய். நான் பெருமையோடு சட்டியைக் கழுவிக்கொண்டு வீடு வந்தேன்.

மூன்றாம் நாள் உன்னை மன்னார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து கொழும்புக்கு. உள்ளே கசிந்து, நஞ்சு உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். நீ பெட்டியில்தான் மன்னார்ப் பாலம் கடந்து வந்தாய்.

கூழ் பற்றி நான் யாருக்கும் வாய் திறக்கவில்லை. செத்தவீட்டில் தேத்தண்ணி ஊற்றினேன், ஒப்பாரி கேட்டேன், நீ கிடந்த பெட்டிக்குக் கிட்ட மட்டும் போகவில்லை. உன்னைக் கொன்றவள் நான்தான் என்று எனக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உன் மகளைக் கோயில் வாசலில் தனியாய்ப் பிடித்தேன். "பிள்ளை, அம்மாவுக்கு நான்தான் கூழ் குடுத்தனான். நண்டும் போட்டனான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, நீங்கள் வர முதலே அம்மாவுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். தோளும் நோகுது எண்டவ. கொழும்புக்குப் போவம் எண்டு நான் அழுதனான். திரும்பப் படுத்தா உன்ர கம்பஸ் காசும் போயிடும், பனடோல் போட்டாக் காய்ச்சல் விட்டிடும் எண்டவ. ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியமும் வாங்கினவ."

"அப்ப ஏன் என்ர கூழைக் குடிச்சவ?"

"நீங்கள் போனாப்பிறகு குடிச்ச கூழை முழுக்கச் சத்தி எடுத்துப்போட்டா. அவளுக்குச் சொல்லிப்போடாதை, பாவம், நண்டெல்லாம் உடைச்சுக் கொண்டந்தவள் எண்டவ."

ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூழுக்கு உன் சாவில் பங்கே இல்லை என்று இன்றைக்கும் எவராலும் எனக்குச் சொல்ல முடியாது. அதையும் தாண்டி, எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது, கேட்டுக்கொள். என்னை நோகடிக்கக் கூடாதென்று நடுங்கிக்கொண்டு கூழ் குடித்தவளுக்கு, காய்ச்சலடி என்று ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லையா? அன்றைக்கு அடைவு வைக்க என் கழுத்திலும் ஒரு தாலிக்கொடி கிடந்தது. குனிந்து உனக்குக் கூழ் வார்க்கும்போது அது உன் முகத்துக்கு முன்னால்தானே ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு கோபம் என் பக்கமும் திரும்பியது. போர்வையைப் பார்த்தவள் நான். தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சட்டியைக் கையில் பிடித்திருந்தபடியால் உன் நெற்றியில் கை வைக்கவில்லை.

மத்தியானம் றிபாயாவிடம் போனேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் உன்னியது. அவள் எழும்பும்போது மேசையை இரண்டு கையாலும் ஊன்றி எழும்பினாள், உன்னைப் போல. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? இதைச் செய்து சுகமாய் நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். முழங்கால் நோவு எனக்கில்லை, அவளுக்கு.

"செய்யிற காசு இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. சேர்த்திட்டன்."

"திரும்பிப் போற காசு?"

அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்து உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கூழையும் சொன்னேன். அவள் அந்தப் படத்துக்காரியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்தக் காசு இல்ல அக்கா" என்றாள்.

"அப்ப அது சேருமட்டும் பொறும். பொறுக்க ஏலாமப் போறதெண்டா, இது இருக்கு" என்று என் கொடியைத் தொட்டுக் காட்டினேன். "காய்ச்சல் வந்தா முதல் எனக்குச் சொல்லோணும். பனடோலுக்கு முதல் எனக்கு. வீட்டில ஒருத்தரையும் வாய் மூடச் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணும்."

அவள் ஓம் என்று தலையாட்டினாள். உன் தலையாட்டலை நம்பி ஏமாந்தவள் நான். கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அவள் கை சூடாக இருக்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேன்.