போய்ச் சேராத செபமாலை

இயேசு மரி சூசை துணை
குடிகாடு

அன்பு மகன் டேனிக்கு அம்மா எழுதறது. மாதா புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டு இருக்கோம், நீ அந்த மஸ்கட் வெயில்ல நேரத்துக்கு சாப்ட்டு தூங்குறியா, அத சொல்லு மொதல்ல. போன்லயே பேசலாம்தான், ஆனா நான் செல்ல எடுத்தாலே அப்பா பக்கத்துல வந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்துக்குறாரு. அதான் லீவு முடிஞ்சு அங்க திரும்புற நம்ம ஜோதி மேரி கிட்ட இதக் குடுத்து அனுப்புறேன், கூடவே காடாம்புலியூர் முந்திரிக்கொட்டை இருக்கு, ரூம்ல எல்லாருக்கும் குடு.

நீ என் செல்லுல போட்டுக் குடுத்தியே, பேசிப் பேசி அனுப்புற கூவு ஆப்பு, அத இந்த மாசத்தோட மூடுறாங்களாம். வந்த புதுசுல என்னா ஆட்டம், நம்ம தெரு அன்பியத்து குடும்பங்க மொத்தமும் அதுலதான், பூசை நேரம், மீன் வெலை, எதுத்த வீட்டு தங்கராசு மாமா அனுப்புற வடலூர் தைப்பூசப் படம் எல்லாம் அதுலயே வரும். அப்புறம் விளம்பரம் ஜாஸ்தியாச்சுன்னு ஒவ்வொருத்தரா வேற ஆப்புக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் போகல. சாயங்காலமானா செபமாலையில அருள் நிறைந்த மரியே பாதிய நான் பேசி அனுப்ப, புனித மரியாயே பாதிய நீ பேசி அனுப்புவ, அத உட்டுட்டு நான் எங்க போறது? உன் பாதி வராம நின்னப்பகூட, டூட்டி ஜாஸ்தி, புள்ள மனசுக்குள்ள சொல்லிக்குதுன்னு நெனச்சி என் பாதிய அனுப்பிக்கிட்டே இருந்தேன். கேட்டா சாமிக்குக் கணக்கு கேட்ட மாதிரி ஆயிடுமேன்னு ஞாயித்துக்கெழமை போன்லயும் கேக்கல. போன வாரம் செல் கடை சிலம்பரசன் என் செல்ல வாங்கிப் பாத்துட்டு, ஒரு வருசமா எதுவும் அவருக்குப் போய்ச் சேரல அத்த, அவரு ஆப்பையே எடுத்துட்டாரு போலருக்குன்னான். கடையிலயே அழுதுட்டேன். கோவம் இல்ல தம்பி, சும்மா வந்துடுச்சு.

கோவமெல்லாம் அப்பாவுக்குத்தான். அவன் எப்பயோ காலி பண்ணிட்டான், நீ ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு இருக்கன்னு கத்துனாரு. ஆனா அன்னிக்கு சாயங்காலம் என் பாதிய சொல்லிட்டு நான் நிறுத்துனதும், செபத்துக்கே உக்காராத மனுசன் டிவிய அணைச்சிட்டு வந்து உன் பாதிய சொல்ல ஆரம்பிச்சாரு. அதுலேருந்து தெனம் சொல்றாரு.

அவருக்கு நெஞ்சுல அடைப்பு டேனி. சிதம்பரம் ஆஸ்பத்திரியில அடுத்த மாசம் ஆபரேசன். உன்கிட்ட போன்ல சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, எழுதக்கூடாதுன்னு வாங்கல. டாக்டர் பயம் இல்லங்கறாரு, எனக்குத்தான் பயமா இருக்கு. உன் பாதியில இப்பொழுதும்னு சொன்னதும் உங்கப்பா நிறுத்திடறாரு. அடுத்து எங்கள் இறப்பின் வேளையிலும்னு வருதுல்ல, அது அவரு வாயில வர மாட்டங்குது. நான்தான் சொல்லி முடிக்கிறேன், இப்ப என்னாலயும் முடியல.

உன் நெத்தியில சிலுவ போட்டு முத்தம் குடுத்தேன்னு வெச்சிக்க, மாதா உன்ன கண்ணுக்குள்ள வெச்சி காப்பாத்தட்டும். புது ஆப்பெல்லாம் ஒண்ணும் வேணாம். ஆபரேசன் பத்தி அப்பா கிட்ட மூச்சு விடாத. சாயங்காலம் செப நேரத்துல ஒரு போன் போட்டு, அந்த எடத்த மட்டும் நீ சொல்லு ராசா.

உன் அம்மா
வியாகுலமேரி